எங்கள் கோவில் கால் ஆர்கனை ஏலம் விடப் போகிறார்கள், காப்பாற்ற வழி சொல்லுங்கள்

தேரிமணல்
பிப்ரவரி 11, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரியை ஒட்டி. வேலை கோயம்புத்தூரில். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மே மாதம் எங்கள் கோவில் (சர்ச்) பிரதிஷ்டை பண்டிகை. அதற்குள் தரைக்கு டைல்ஸ் போட்டு, வெள்ளையடித்து, வெஸ்ட்ரியில் (கோவிலின் பக்க அறையில்) அடைந்து கிடக்கிற பழைய சாமான்களை ஏலம் விட்டுவிடலாம் என்று சபைக் கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. உடைந்த பெஞ்சு, இரண்டு பெட்ரோமாக்ஸ், மணிக்கயிறு ஓடுகிற பழைய கப்பி, அப்புறம் எங்கள் கால் ஆர்கன், அதாவது காலால் துருத்தியை மிதித்து வாசிக்கிற கட்டைப் பெட்டி.

அதன் சத்தத்தைக் கேட்டு 25 வருடம் ஆகிறது. கீபோர்டு வாங்கிய வருடம் அதை வெஸ்ட்ரிக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்கு முன் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே அந்தச் சத்தம்தான். இரண்டாம் மணி அடித்து ஓய்ந்ததும் வாத்தியார் வந்து உட்கார்ந்து மிதிக்க ஆரம்பிப்பார். உடனே பாட்டு வராது. மிதிகட்டை கிறீச்சிடும், உள்ளே துருத்தி மூச்சு இழுக்கும். அதற்குப் பிறகுதான் மேல்நாட்டு மெட்டில் பாடுகிற முதல் பாமாலையின் கடைசி அடி மெதுவாகக் கிளம்பும். ஒரு குமிழை இழுத்தால் உள்ளே சின்ன விசிறி சுற்றும், ஒலி நடுங்கும். அதைப் பார்ப்பதற்காகவே பாயிலிருந்து நழுவிப் பின்பக்கம் போய் உட்கார்ந்து அடி வாங்கியிருக்கிறேன்.

நான் இதை எழுதுவதற்குக் காரணம் என் பெரியம்மா. 82 வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பனங்காட்டு வேலையும் பெட்டி முடைவதுமாக வளர்ந்தவர். பாமாலையில் எதை எடுத்தாலும் ஆல்டோ, அதாவது மெட்டுக்குக் கீழே ஓடுகிற பெண்குரல், பாடுவார். நோட்டு வாசிக்கத் தெரியாது. எப்படிப் பாடுகிறீர்கள் என்று கேட்டேன். “வாத்தியார் வலது கைக் கட்டைவிரல் எங்க நிக்குதோ அங்கதாம்ல நான் நிப்பேன்” என்றார். இப்போது கீபோர்டு வாசிக்கிற பையன்கள் வலது கையில் மெட்டும் இடது கையில் சுரக்கூட்டான கார்டும் பிடித்து, ரிதம் போட்டு வாசிக்கிறார்கள். அவர்களும் நன்றாகத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் பெரியம்மாவுக்கு நிற்க இடம் இல்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

பெட்டியை எலி கடித்திருக்கிறது. பாதிக் கட்டைகள் அமுங்கிக் கிடக்கின்றன. இதைச் சரிசெய்ய முடியுமா? முடியும் என்றால் கமிட்டியில் என்ன சொல்லிப் பேசுவது?

ஊசிக்கோபுரம்
பிப்ரவரி 11, இரவு 10.45

தம்பி, முதல் வேலையாக உங்கள் சபைக் குருவான ஐயரிடம் பேசி அந்த ஒரு பொருளை மட்டும் ஏலப் பட்டியலிலிருந்து எடுத்து வையுங்கள். பழுது பார்ப்பதெல்லாம் பிறகு. ஏலத்தில் எடுக்கிறவர்கள் மரத்துக்காக எடுப்பார்கள். உள்ளே ஒலி எழுப்புகிற ரீடெல்லாம் பித்தளை விலைக்குப் போய்விடும். நான் பாளையங்கோட்டையில் 30 வருடமாகக் கொயரில் பாடுகிறவள். என் கண்முன்னே இப்படி ஒன்று போயிருக்கிறது. அதன் மேல்பலகை ஒரு வீட்டில் சாமான் அடுக்குகிற தட்டாக இருக்கிறது.

கமிட்டியில் பேசுவதற்கு நம் சரித்திரமே போதும். பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் கட்டிய கோவில் 1785-ல் பிரதிஷ்டையானது. அதே வருடம்தான் இங்கே வந்த சுவார்ட்ஸ் ஐயர், பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயகம் என்ற பையனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். அந்தப் பையன்தான் பின்னாளில் கிறிஸ்தவக் கவிஞரான வேதநாயகம் சாஸ்திரியார். 1826-ல் ரேனியஸ் ஐயர் ஊசிக்கோபுரம் கோவிலைக் கட்டினார். மெஞ்ஞானபுரத்தில் வேல்ஸ் நாட்டு ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய கோபுரம் 192 அடி. இடையன்குடியில் கால்டுவெல் 1847-ல் தொடங்கிய கோவில் 1880-ல்தான் முடிந்தது. இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம், போஸ்டரில் அச்சடிக்கிறோம். எல்லாம் கல், சுண்ணாம்பு, அடிக்கணக்கு. அந்தக் கல்லுக்குள்ளே ஜனங்கள் என்ன சத்தத்தோடு ஆராதித்தார்கள் என்பதை மட்டும் யாரும் எடுத்து வைக்கவில்லை. உங்கள் ஊரில் அது வெஸ்ட்ரியில் கிடக்கிறது. உங்கள் பெரியம்மாவிடமும் இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் ஊர் எந்த மிஷன் என்று விசாரியுங்கள். இங்கே வேலை செய்த ஆங்கிலிக்கன் மிஷன் சங்கங்கள் இரண்டு, சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. பாளை, மெஞ்ஞானபுரம், டோனாவூர் பக்கம் சி.எம்.எஸ். நாசரேத், முதலூர், இடையன்குடி, சாயர்புரம் எஸ்.பி.ஜி. எஸ்.பி.ஜி. ஊர்களில் சங்கீதத்தையும் மரியாளின் கீதம், சிமியோனின் கீதம் போன்றவற்றையும் சாண்ட் பண்ணுவதில் பிடிப்பு அதிகம். சாண்ட் என்றால் ஒரே சுரத்தில் பாதி வசனத்தை ஓட்டி, முடிவில் மட்டும் சில சுரங்கள் மாறுவது. அதை நாலு பார்ட்டில் (சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்ற நாலு குரல்களில்) பிசகாமல் நடத்த ஆர்கன் மாதிரி இழுத்துப் பிடிக்கிற வாத்தியம் வேண்டும். பெரியம்மாவுக்கு எத்தனை சாண்ட் தெரியும் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

ரீடுக்காரர்
பிப்ரவரி 12, காலை 6.10

தென்காசிப் பக்கம் ஆர்மோனியப் பட்டறை வைத்திருக்கிறேன். கால் ஆர்கனும் பார்த்திருக்கிறேன். போட்டோ போட்டால் நல்லது. முன்பலகையில் கம்பெனிப் பெயர் என்ன என்று பாருங்கள், பின்பலகையைத் திறந்தால் நம்பர் குத்தியிருக்கும்.

நம் ஊர்ப் பக்கம் கிடைக்கிற கால் பெட்டிகள் இரண்டு ஜாதி. ஒன்று ஐரோப்பிய ஆர்மோனியம். துருத்தி காற்றை வெளியே தள்ளும், அது ரீடு வழியாகப் பீய்ச்சும். பாரீஸில் டெபான் என்பவர் 1840களில் காப்புரிமை வாங்கிய வகை. நம் கை ஆர்மோனியம் அதன் பிள்ளைதான், கல்கத்தாவில் கையால் அடிக்கிற மாதிரி சின்னதாக்கினார்கள். இன்னொன்று அமெரிக்கன் ஆர்கன். இதில் துருத்தி காற்றை உள்ளே இழுக்கும். வெளிக்காற்று ரீடு வழியாக உள்ளே நுழையும்போது ஒலி பிறக்கும். இதன் சத்தம் மெத்தென்று இருக்கும். நீங்கள் “மூச்சு இழுக்கும்” என்று எழுதியதையும் உள்ளே விசிறி இருந்ததையும் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது ஜாதி.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தெரியாதவர் கையில் கொடுத்தால் ஊதுகிற மோட்டாரை மாட்டிவிடுவார். இழுக்கிற பெட்டிக்கு ஊதுகிற மோட்டார் வைத்தால் உள்ளே மூடிகள் எல்லாம் தூக்கிக்கொள்ளும், பெட்டி பாழ். மோட்டாரே வேண்டாம். கால் இருக்கிறது, மிதிக்கலாம்.

கட்டை அமுங்கிக் கிடப்பதற்குப் பயப்படாதீர்கள். பெரும்பாலும் கட்டைக்கு அடியில் இருக்கிற கம்பளித் துணியை எலி கடித்திருக்கும், இல்லாவிட்டால் மரம் ஈரத்தில் ஊதியிருக்கும். ஊமைக் கட்டைகள் பத்துக்கு எட்டு வெறும் தூசி. ரீடின் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு நூல் சிக்கினாலே ஒலி நின்றுவிடும். சட்டத்திலிருந்து ரீடை உருவ ஒரு கொக்கிக் கம்பி வேண்டும். பெட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் அதைச் செருகி வைத்திருப்பார்கள், தேடுங்கள். ஒவ்வொன்றாக உருவி, மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, அதே குழியில் திருப்பிப் போட வேண்டும். குழி மாறினால் தொலைந்தது. மண்ணெண்ணெய், துரு நீக்குகிற ஸ்பிரே எதுவும் கிட்டவே போகக்கூடாது. நாக்கை அரத்தால் தொடாதீர்கள். நுனியில் ஒரு மயிரிழை குறைந்தால் சுருதி ஏறிவிடும், அடியில் குறைந்தால் இறங்கிவிடும்.

உண்மையான செலவு துருத்தியில்தான். ரப்பர் பூசிய துணி 40, 50 வருடத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிடும். புதுத்துணி ஒட்டும்போது ஃபெவிகால் போடச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். வச்சிரப் பசை காய்ச்சி ஒட்ட வேண்டும். அப்போதுதான் அடுத்த தலைமுறையில் ஒருவன் சூடுகாட்டிப் பிரித்து மறுபடி ஒட்ட முடியும்.

கீர்த்தனைப்பிரியன்
பிப்ரவரி 12, காலை 11.30

எல்லாருடைய ஆர்வத்தையும் மதிக்கிறேன். ஆனால் மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வயலின் வாசிக்கிறவன், தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலத்தில் ஒரு சபையில் கீர்த்தனைகள் சொல்லிக்கொடுக்கிறேன்.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த பெட்டியையும் மெட்டையும் பாரம்பரியம் என்று சொன்னால், நம்முடைய பாரம்பரியம் எங்கே போகும்? கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம், தாளம் போட்டிருக்கிறது. அந்தத் தலைப்பை இன்றைக்கு எத்தனை சபைகளில் பார்க்கிறார்கள்? ராகத்துக்கு உயிர் கமகத்தில். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிற இடம் கட்டைப் பெட்டியில் கிடையாது. அதனால்தான் அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தையே விலக்கி வைத்தது, 1971 வரைக்கும். சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் நம் ஆள்தான். 1917-ல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலில் சுருதிக் கணக்கை எத்தனை நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்! 12 கட்டைக்குள் அதை அடைக்க முடியுமா?

அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு மிருதங்கமும் வயலினும் வாங்கிக் கொடுத்தால் நம் பாட்டு பிழைக்கும். ஆர்கனை வேண்டுமானால் ஒரு மூலையில் நினைவுப் பொருளாக வைக்கலாம்.

பனங்காடு
பிப்ரவரி 12, மாலை 4.05

திருநெல்வேலித் திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். 19 வருடம் கோவிலில் கால் ஆர்கன் மிதித்திருக்கிறேன். கீர்த்தனைப்பிரியன் தம்பி சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். மீதிப் பாதிக்குப் பதில் சொல்கிறேன்.

பாமாலையில் மெட்டு வெளிநாட்டுடையதுதான். 8.6.8.6 என்று தலையில் போட்டிருந்தால் முதல் அடிக்கு எட்டு எழுத்தோசை, இரண்டாவதற்கு ஆறு. அந்தக் கணக்கு ஒத்துப்போகிற எந்த மெட்டிலும் அந்தப் பாட்டைப் பாடலாம். இங்கிலீஷில் அழுத்தம் கொடுத்துப் பாடுவார்கள், தமிழில் குறில் நெடில். இரண்டும் முட்டும். “மனம்” என்ற சொல்லில் முதல் எழுத்து நீளமான சுரத்தில் விழுந்தால் “மானம்” ஆகிவிடும். அர்த்தமே கெட்டுப் போகும். சரி, நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஆர்கன் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பாடுகிறவர்கள் “ம” என்ற குறிலைச் சட்டென்று விட்டுவிட்டு “னம்” என்பதில் போய்த் தங்குவார்கள். நடுவில் ஒரு சின்ன வளைவு விழும். எந்த டியூன் புத்தகத்திலும் இது அச்சாகவில்லை. யாரும் உட்கார்ந்து கற்பித்ததும் இல்லை. பாயில் உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பாடித் தமிழ் அந்த மெட்டை வளைத்துக்கொண்டது. எங்கள் ஊர் வளைவு வேறு, பக்கத்து ஊர் வளைவு வேறு. கல்யாணமாகி வந்த மருமகள் எந்த ஊர்ப் பெண் என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிடுவோம். இதை வெள்ளைக்காரர் பாட்டு என்று எப்படிச் சொல்வேன்?

அந்தப் பெரியம்மா கட்டைவிரல் என்று சொன்னாரே, அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் காலத்தில் டானிக் சால்ஃபா சொல்லிக்கொடுத்தார்கள். டோ ரே மீ என்பதன் முதல் எழுத்துகளை வைத்து, கோடும் புள்ளியும் போட்டு எழுதுகிற முறை. ஜான் கர்வென் என்ற போதகர் இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் பாட வேண்டும் என்பதற்காகப் பரப்பியது. ஐந்துகோட்டு நோட்டு தெரியாத பனையேறி வீட்டுப் பிள்ளைகளும் நாலு பார்ட் பாடியதற்கு அதுதான் காரணம். ஆனால் அதுவும் எட்டாத பெண்கள் காதால் மட்டும் பிடித்தார்கள். பாஸ் ஆண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில், ஆல்டோ பெண்கள் பக்கத்தில் தூண் ஓரம். பார்ட்டைப் பிடித்துவிட்டால் இடத்தை மாற்றவே மாட்டார்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போகும்போது பாட்டிலிருந்து ஒரு சுவர் இடிந்து விழுகிற மாதிரி இருக்கும்.

மிதிப்பதும் ஒரு கலை. வலது முழங்காலால் ஒரு தகட்டை வெளியே தள்ளினால் சத்தம் விரியும், விட்டால் ஒடுங்கும். அடக்க ஆராதனையில் அதைத் தொடவே மாட்டேன். ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் முதல் பாட்டுக்கு முழுவதும் திறப்பேன்.

கடலோரம்
பிப்ரவரி 12, இரவு 8.50

நான் கத்தோலிக்கன், மணப்பாடு பக்கம். எங்கள் கோவிலிலும் ஒரு கால் பெட்டி இருந்தது. அப்பா சொல்வார், லத்தீன் பூசைக் காலத்தில் அது இல்லாமல் பெரிய பூசை நடக்காது என்று. 1962 முதல் 65 வரை நடந்த வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. அது நல்லதுதான். ஆனால் லத்தீன் பாட்டோடு சேர்த்து அந்தப் பெட்டியும் வேண்டாததாகிவிட்டது. உப்புக் காற்றில் ரீடெல்லாம் பச்சை பிடித்துப் போயிற்று. யாரும் எதையும் பதிவு செய்யவில்லை. எங்களுக்கு மிஞ்சியது பெரிய வாரத்தில் பெண்கள் பாடுகிற புலம்பல் மட்டும். அதையும் இப்போது முழுசாகத் தெரிந்தவர் ஊரில் மூன்று பேர். தேரிமணல் அண்ணாச்சி, பெட்டி சரியாகும் வரைக்கும் காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே பெரியம்மா பாடுவதைப் போனில் பிடியுங்கள்.

ஊசிக்கோபுரம்
பிப்ரவரி 13, காலை 7.15

கடலோரம் தம்பி சொன்னதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

கீர்த்தனைப்பிரியன் தம்பிக்கு: உங்கள் வருத்தம் பழைய வருத்தம், நியாயமான வருத்தம். தஞ்சாவூரில் புதிதாக வந்த மிஷனரிகள் தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் ஆராதனையிலிருந்து தள்ளியபோது, வேதநாயகம் சாஸ்திரியார் 1829-ல் எதிர்த்து எழுதினார். நம் மண்ணில் பிறந்த ஒரு கவிஞர் தன் பாட்டுக்காகச் சபையோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. அதே எழுத்தில் அவர் நற்கருணைப் பந்தியில் சாதி வித்தியாசம் பார்க்கக்கூடாது என்ற ஏற்பாட்டையும் எதிர்த்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதில் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். பாட்டு விஷயத்தில் முழுக்க அவர் பக்கம். பிறகு 1853-ல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த வெப் என்பவர் சாஸ்திரியாரின் பாட்டுகளையும் சேர்த்துக் கீர்த்தனைப் புத்தகத்தை அச்சிட்டார். தள்ளப்பட்ட பாட்டு அப்படித்தான் கோவிலுக்குள் திரும்பி வந்தது. கரையிருப்பில் பிறந்த கவிஞர் கிருஷ்ண பிள்ளையின் பாட்டுகளை இன்றைக்குத் தேவாரப் பண் போல உருகிப் பாடுகிறோம்.

ஒரு காலத்தில் ஒரு பாட்டை “இது ஆராதனைக்கு ஆகாது” என்று வெளியே வைத்தார்கள். இப்போது ஆர்கனை வெளியே வைக்கிறார்கள். வெளியே வைப்பது எதுவானாலும் எனக்கு வலிக்கிறது. வயலினும் வாங்குங்கள், நானும் பணம் தருகிறேன். அதற்காகப் பெரியம்மாவின் கட்டைவிரலை எடுத்துவிட வேண்டாம்.

தேரிமணல்
மார்ச் 2, இரவு 10.30

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஐயரும் உபதேசியாரும் கேட்டதும் சம்மதித்துவிட்டார்கள். ஏலப் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று. ரீடுக்காரர் அண்ணாச்சி சொன்னபடி பின்பலகையைக் கழற்றினோம். முன்பலகையில் “எஸ்டி” என்று பொன் எழுத்து, பிராட்டில்பரோ, வெர்மான்ட். 61 கட்டை. 11 குமிழ். கொக்கிக் கம்பி அவர் சொன்ன மாதிரியே உள் மூலையில் இருந்தது! உள்ளே எலிக்கூடு, அதில் நெல் உமி, ஞாயிறு பள்ளித் தாளின் துண்டுகள், 1970களின் கல்யாணப் பத்திரிகை ஒன்று. மிதிகட்டை வார் இரண்டும் அறுந்து போயிருக்கின்றன. மிதிபலகையில் வலது பக்கம் மட்டும் குழி விழுந்து தேய்ந்திருக்கிறது. எத்தனை வாத்தியார்களின் கால்!

பெரியம்மா பாடியதைப் பிடித்துவிட்டேன். தனியாகப் பாடச் சொன்னால் முதலில் முடியவில்லை, ஆல்டோ மட்டும் தனியே வராது என்றார். அத்தை மகளை மெட்டைப் பாட வைத்ததும் ஆறு பாட்டு வந்தது. பனங்காடு ஐயா சொன்ன வளைவு இருக்கிறது. கேட்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஒரு சந்தேகம். கீழே ஒரு ஸ்தாயி ஓரளவு பேசுகிறது. ஆனால் போனில் சுருதி பார்த்தால் ஒன்றாம் கட்டை, அதாவது ‘சி’ சுரம், ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நட்டநடுவில் நிற்கிறது. ரீடு கெட்டுவிட்டதா?

ரீடுக்காரர்
மார்ச் 3, காலை 5.50

கெடவில்லை. அதுதான் அதன் பிறவிச் சுருதி. பித்தளை நாக்கு 100 வருடம் ஆனாலும் அவ்வளவு நகராது. அந்தக் காலத்தில் ‘ஏ’ சுரத்துக்கு நொடிக்கு 452 அதிர்வு என்று உயர்ந்த சுருதி புழக்கத்தில் இருந்தது. இப்போது 440. வித்தியாசம் ஏறக்குறைய அரைக் கட்டையில் பாதி. எல்லா ரீடும் ஒரே அளவு ஏறியிருந்தால் பழுது இல்லை என்று அர்த்தம். இதை இறக்குகிறேன் என்று யாராவது 61 கட்டைக்கும் இரண்டு வரிசை ரீடைச் சுரண்ட வந்தால் அனுப்பிவிடுங்கள். கீபோர்டின் சுருதியை ஏற்றாமல் அதோடு சேர்த்து வாசிக்க முடியாது. வயலின் சேரலாம், தந்தியை ஏற்றிக்கொண்டால் போதும்.

எஸ்டி கம்பெனிப் பெட்டி என்பது சந்தோஷமான செய்தி. அந்தக் கம்பெனி 5 லட்சத்துக்கும் மேல் ரீடு ஆர்கன் செய்தது. அதனால் உடைந்த பெட்டியிலிருந்து ரீடு கிடைக்க வழி உண்டு. துருத்தியைக் கழற்றி வண்டியில் போட்டு என்னிடம் கொண்டுவாருங்கள். துணிக்கும் வாருக்கும் ஆகிற செலவு போதும், கூலி வேண்டாம். துணி மாற்றியதும் நன்றாக மிதித்துவிட்டுக் காலை எடுத்துப் பாருங்கள். உள்தொட்டி மெல்ல மெல்ல விரிய வேண்டும். படக்கென்று விரிந்தால் எங்கோ கசிகிறது.

பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நாலு காலுக்கும் கல் கொடுத்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கரையான் தரை வழியாகத்தான் வரும்.

கீர்த்தனைப்பிரியன்
மார்ச் 3, இரவு 9.00

அந்த ஆறு பாட்டுப் பதிவையும் தேரிமணல் அண்ணாச்சி எனக்கு அனுப்பியிருந்தார். மூன்று தடவை கேட்டேன். நான்காவது பாட்டில் ஆல்டோ மேலிருந்து இறங்குகிற இடத்தில் பெரியம்மா சுரத்தைத் தொட்டு நிற்காமல் ஒரு அசைவு கொடுத்து இறங்குகிறார். அது கமகம். ஆர்கனைக் கேட்டுக் கற்றுக்கொண்டவர் ஆர்கனில் இல்லாததைப் பாடுகிறார்.

என் கருத்தை முழுக்க மாற்றிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு ராகம் தெரிய வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஆனால் பண்டிகைக்கு முந்தின நாள் நான் வருகிறேன். வயலினை அந்தச் சுருதிக்கு ஏற்றிக்கொள்கிறேன். கீர்த்தனைகளுக்குப் பெட்டி ஆதார சுருதியை மட்டும் பிடிக்கட்டும், மெட்டை வயலின் பார்த்துக்கொள்ளும். பாமாலைக்கு நான் டெனர் வரியை வாசிக்கிறேன்.

பனங்காடு
மார்ச் 4, காலை 8.20

மிதிக்க ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள். முழங்கால் வலிதான், நாலு பாட்டு தாங்கும். கீபோர்டு வாசிக்கிற பையன்களையும் வரச்சொல்லுங்கள். நாலு பார்ட்டையும் விரலில் எப்படிப் பிரித்துப் பிடிப்பது என்று ஒரு வாரத்தில் காட்டித் தருகிறேன். கட்டையை அமுக்கிக்கொண்டே அடுத்த விரலை மாற்ற வேண்டும். விட்டால் ஒலி அறுந்துவிடும். கீபோர்டில் இந்தப் பழக்கம் வராது. பையன்கள் கெட்டிக்காரர்கள், பிடித்துக்கொள்வார்கள்.

தேரிமணல்
மே 19, இரவு 11.10

பண்டிகை முடிந்தது. அசன விருந்து முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். இப்போதுதான் உட்கார்ந்தேன்.

61-ல் 57 கட்டை பேசின. விசிறி சுற்றியது. பனங்காடு ஐயா முதல் பாட்டுக்கு உட்கார்ந்தார். மிதிக்க ஆரம்பித்ததும் அந்த மூச்சுச் சத்தம் வந்தது. பெண்கள் பக்கத்தில் வயதானவர்கள் சிலர் பாட்டு தொடங்கும் முன்பே எழுந்துவிட்டார்கள். மூன்றாம் பாட்டிலிருந்து கீபோர்டுத் தம்பி வாசித்தான். தடுமாறினான், ஆனால் விரலை விடவில்லை. கீர்த்தனைக்கு வயலின் சேர்ந்தது. டைல்ஸ் தரையில் சத்தம் கூடுதலாக எதிரொலிக்கிறது. அடுத்த தடவை நடுவில் பாய் விரிக்கப் போகிறோம்.

பெரியம்மா தூண் ஓரத்தில் தன் பழைய இடத்தைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். இரண்டாம் பாட்டில், இரண்டாவது சரணத்தில் சேர்ந்தார். பக்கத்தில் என் அண்ணன் மகள், ஏழாம் வகுப்பு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை ஒரு தடவை பாடிக் காட்டினாள். கடைசிச் சுரம் தவறியது. பெரியம்மா திருத்தினார்.

இதுவரை 43 பாட்டும் 5 சாண்டும் பதிவாகியிருக்கின்றன. பேசாத நாலு கட்டையில் மூன்றுக்கு ரீடுக்காரர் அண்ணாச்சி வழி பண்ணிவிட்டார். மேல் ஸ்தாயி ‘எஃப்’ ரீடு ஒன்று மட்டும் நாக்கு முறிந்து கிடக்கிறது. உங்கள் ஊரில் எஸ்டி பெட்டி எதாவது பழுதாகிக் கிடந்தால், அல்லது அதன் ரீடு யார் வீட்டிலாவது டப்பாவில் இருந்தால், இங்கே ஒரு வரி எழுதுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.